கதவு திறந்துவிட்டதாம்! இனிப் போராட்டம் எதற்காம்!

“பெண்களுக்கு இனி என்ன குறை? பஸ் ஓட்டுகிறார்கள், விமானம் ஓட்டுகிறார்கள், ராக்கெட் விடுகிறார்கள். கதவெல்லாம் திறந்துதானே கிடக்கிறது! பெண்ணியம், மாதர் உரிமை என்று இன்னும் எதற்குக் கோஷம்?”

இப்படிக் கேட்கிறார்கள் கனவான்கள். மார்ச் 8 வந்தால் மேடையேறி, பெண்ணைத் தாய் என்றும் தெய்வம் என்றும் துதிபாடி, பொன்னாடை போர்த்திவிட்டு, இறங்கும்போது இந்தக் கேள்வியையும் வீசிவிட்டுப் போகிறார்கள். டீக்கடையில் கேட்கிறார்கள், ஆபீசில் கேட்கிறார்கள். வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது: சங்க ஆபீசுகளிலும் சில தோழர்கள் மெல்லிய குரலில் இதையே கேட்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்கள்மீது நாம் கோபப்படப் போவதில்லை. கணக்குப் பார்ப்போம். வெகுதூரம் போக வேண்டாம். நாஞ்சில் நாட்டிலிருந்தும், அதை உள்ளடக்கிய கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்துமே கணக்கைத் தொடங்குவோம்.

ஒரு பஸ்ஸின் கதை

கனவான்கள் முதலில் நீட்டும் சாட்சி யார்? வசந்தகுமாரி. நமது மாவட்டத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்த பெண். 1993-ஆம் ஆண்டு அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓட்டுநராக நியமனம் பெற்றார். ஆசியாவின் முதல் பெண் பஸ் ஓட்டுநர் என்று பத்திரிகைகள் எழுதின. 2017-ல் ஓய்வு பெற்றார். நாமும் மார்தட்டிக்கொள்ள வேண்டிய வரலாறுதான்.

ஆனால் அந்த ஆசனம் அவருக்குத் தாம்பாளத்தில் வைத்துத் தரப்பட்டதா? இல்லை. மனுமேல் மனு போட்டார். பஸ் ஓட்டும் பெண் உலகத்திலேயே அபூர்வம், உனக்கு எதற்கு இந்த வேலை என்று அதிகாரிகள் கைவிரித்ததை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எல்லாப் பரீட்சையிலும் தேறிய பிறகும் அலைய வேண்டியிருந்தது. அவருடைய மன உறுதி பெரிது. அதோடு இன்னொன்றையும் மறக்கலாகாது. அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் என்ற ஒதுக்கீடு 1989-ல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த ஒதுக்கீடு வானத்திலிருந்து விழவில்லை. மாதர் இயக்கங்களும் சமூக நீதி இயக்கங்களும் பல பத்தாண்டுகள் தொண்டை வறளக் கத்தியதன் பலன் அது.

சரி, 1993-ல் கதவு திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் வழியே எத்தனை பேர் உள்ளே போனார்கள்? வடசேரி பஸ் நிலையத்தில் ஒரு நாள் காலையிலிருந்து இரவுவரை நின்று, வருகிற போகிற பஸ்களின் ஓட்டுநர் ஆசனத்தைப் பாருங்கள். பெண்களை எண்ணுவதற்குக் கணக்குப் புத்தகம் வேண்டாம். கை விரல்கள் போதும். ஒரு பெண் 24 ஆண்டு பஸ் ஓட்டிக் காட்டிய மண்ணில் ஏன் இந்த நிலை? பெண்ணுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாததாலா? இல்லை. கனரக வாகனப் பயிற்சிக்குக் காசு வேண்டும், வீட்டில் சம்மதம் வேண்டும், இரவு பத்து மணிக்கு டிரிப் முடிந்தால் தங்குவதற்குப் பணிமனையில் இடம் வேண்டும், கழிப்பிடம் வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பணிமனையைக் கட்டியவனின் மனத்தில் தொழிலாளி என்றால் ஆண். அவனுக்குச் சோறு பொங்கி வைக்க வீட்டில் ஒரு பெண். பெயர்ப்பலகையை மாற்றினார்கள்; கட்டிடத்தை மாற்றவில்லை.

அதே பஸ், இன்னொரு பெண்

இப்போது இதே மாவட்டத்தில் இன்னொரு பஸ்ஸைப் பார்ப்போம்.

2021 டிசம்பர். குளச்சல் பஸ் நிலையம். நாள் முழுக்க மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறினார் ஒரு வயதான தாய். மீன் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அவர் அழுதுகொண்டு பஸ் நிலையத்தில் நியாயம் கேட்ட காட்சியை நாடே பார்த்தது. முதல் மந்திரி கண்டித்தார். ஓட்டுநர், நடத்துநர், நேரக் காப்பாளர் மூவரையும் தற்காலிகப் பணி நீக்கம் செய்தார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்ற நல்ல திட்டம் வந்த அதே 2021-ல்தான் இது நடந்தது.

நாம் இங்கே நிற்க வேண்டும், தோழர்களே. இறக்கப்பட்டவர் உழைப்பாளி. இறக்கியவர் முதலாளியா? இல்லை, அவரும் உழைப்பாளியே. அவரும் சம்பளத்துக்கு நிற்பவர். மேலதிகாரியிடம் ஏச்சு வாங்குபவர். இருந்தும், கடலோரத்து ஏழைப் பெண்ணைக் கண்டபோது தன் வர்க்கத்தாளாக அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏன்? பெண் என்ற இளப்பமும், மீன்காரி என்ற சாதி இளப்பமும் ஒன்றாகக் கலந்து அவர் கண்ணை மறைத்தன. ஒரே சங்கத்தின் சந்தா ரசீது அந்தத் திரையைக் கிழித்துவிடும் என்று நினைத்தால் நாம் ஏமாறுகிறோம்.

ஓட்டுநர் ஆசனத்தில் ஒரு பெண் அமர்ந்ததைக் காட்டிக் கதவு திறந்துவிட்டது என்கிறீர்களே, பயணி ஆசனத்திலிருந்து ஒரு பெண் இறக்கப்பட்டாரே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பலசாலி யார், பலவீனன் யார்?

அடுத்த வாதம் இயற்கை பற்றியது. “பெண் உடம்பு மெல்லியது. கடினமான தொழில் ஆணுக்கே உரியது. இது இயற்கை!”

அப்படியா? அண்டி ஆபீசுக்கு வாருங்கள். ஓடு உடைப்பது யார்? தோல் உரிப்பது யார்? தரம் பிரிப்பது யார்? பெண்கள். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல்களைச் சுட்டுக் கருக்குகிறது. நாள் முழுதும் குந்தியிருந்து இடுப்பு ஒடிகிறது. அந்த வேலைக்குப் பெண் உடம்பு மெல்லியதென்று எந்த முதலாளியும் இரக்கப்பட்டதில்லை. இந்தத் தொழிலில் வெகுகாலம் நடைமுறை என்ன? கொட்டையை வறுக்கும் ஆணுக்கு நாட்கூலி. உடைத்து உரிக்கும் பெண்ணுக்கு எடைக்கணக்குக் கூலி. ஆண் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவனாம். பெண் கைச்செலவுக்கு வருகிறவளாம்! புருஷனை இழந்து நான்கு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிறவளும் முதலாளியின் பேரேட்டில் கைச்செலவுக்காரிதான்.

கீரிப்பாறைக்கும் கோதையாற்றுக்கும் போங்கள். யானை நடமாடும் காட்டில், விடியுமுன்னே ரப்பர் மரத்தடியில் பால்வெட்டுக்கு நிற்கிற பெண்களைப் பாருங்கள். கடற்கரைக்கு வாருங்கள். மீன் கடவத்தைத் தலையிலேற்றித் தெருத்தெருவாக நடக்கிற பெண்களைப் பாருங்கள். அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்து காட்டட்டும், இயற்கையைப் பற்றிப் பேசும் கனவான்!

நாஞ்சில் நாட்டு வயலைப் பாருங்கள். கன்னிப்பூவானாலும் கும்பப்பூவானாலும் சேற்றில் குனிந்து நாற்று நட்டது பெண். வெயிலில் கதிர் அறுத்தது பெண். பிறகு இயந்திரம் வந்தது. குனிய வேண்டாம், ஆசனத்தில் உட்கார்ந்து விசையைத் திருப்பினால் போதும். இயற்கைவாதிகளின் கணக்குப்படி, இந்த மெல்லிய வேலை பெண்ணுக்கல்லவா வந்திருக்க வேண்டும்? வந்ததா? அறுவடை இயந்திரத்தின் ஆசனத்தில் ஆண் உட்கார்ந்தான். நூறு தலைமுறை அறுத்த பெண் வரப்பில் வேலையற்று நின்றாள்.

இதிலிருந்து தெரிவது என்ன? கூலி குறைந்த இடத்தில் பெண் பலசாலி. கூலி உயர்ந்த இடத்தில் அவள் பலவீனம். வேலை கடினமா, இலேசா என்பதல்ல பிரச்னை. காசு யார் கையில், விசை யார் கையில், உத்தரவு யார் வாயில் என்பதே பிரச்னை. இதை இயற்கை என்பவன் ஒன்று ஏமாளி, இல்லையேல் ஏமாற்றுகிறவன்.

உரிமைக்கு முளைத்த வால்

சரித்திரத்தைப் புரட்டுவோம். பழைய திருவிதாங்கூரில், இன்றைய நமது மாவட்டத்தில், உழைக்கும் சாதிப் பெண்கள் மார்பை மறைப்பதே குற்றமாக இருந்தது. 1822 தொடங்கி 1859 வரை தோள்சீலைப் போராட்டம் நடந்தது. சந்தையில் துணியைக் கிழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். பெண்கள் பின்வாங்கவில்லை. 1859 ஜூலையில் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது!

இந்த ‘ஆனால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆள்பவர்கள் உரிமையைக் கொடுக்கும்போதெல்லாம் அதற்கு ஒரு வாலையும் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

மேரி பூணன் லூக்கோஸ் என்ற பெண்மணியின் கதையைக் கேளுங்கள். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் படிக்கலாம், ஆனால் பெண்ணானதால் விஞ்ஞானம் படிக்கக் கூடாது என்றார்கள். சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கினார். லண்டன் போய் மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1938-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார். நாகர்கோவிலில் க்ஷயரோக ஆஸ்பத்திரி அமைத்தவர் அவர்தான். விஞ்ஞானம் இந்தப் பெண்ணுக்கு ஒத்துவராது என்று சொன்னவர்களின் ஊரில் எத்தனை நோயாளிகள் அவரால் பிழைத்திருப்பார்கள்!

பெண்களுக்கு சர்க்கார் உத்தியோகம் தரலாமா என்று 1920-களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் பெரும் விவாதம் எழுந்தபோது, தரலாகாது என்றவர்களை எதிர்த்து எழுந்து வாதாடினார் அன்னா சாண்டி என்ற இளம் வக்கீல். 1937-ல் அவரே முன்சீபானார்; 1959-ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். கதவு திறந்துவிட்டது என்று அன்றும் சொல்லியிருப்பார்கள். 1950-ல் அமைந்த சுப்ரீம் கோர்ட்டில் முதல் பெண்ணாக பாத்திமா பீவி அமர்ந்தது எப்போது? 1989-ல்! முப்பத்தொன்பது ஆண்டுகள் நீதி தேவதைக்கு மட்டும் பெண் உருவம் இருந்தது, நீதிபதிகளுக்கு இல்லை.

சி.பி. முத்தம்மா 1949-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். சேரலாம், ஆனால் கல்யாணம் செய்ய சர்க்காரின் அனுமதி வேண்டும், குடும்பம் வேலைக்கு இடையூறென்று சர்க்கார் கருதினால் ராஜினாமாச் செய்ய வேண்டும் என்றது விதி. ஆணுக்கு இந்த விதி உண்டா? கிடையாது. 1979-ல் அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1957 கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் மந்திரியாக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர்தான் நீதிபதி. அந்த விதிகளைச் சவுக்கால் அடித்ததுபோல் சாடினார். முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணின் வேலை போய்விடும் என்ற ஏர் இந்தியாவின் விதி 1981 வரை உயிரோடிருந்தது.

பழங்கதை என்பீர்களா? 2020-க்கு வாருங்கள். ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பதவி பற்றிய வழக்கில், இந்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் சொன்னதென்ன? சிப்பாய்கள் பெரும்பாலும் கிராமத்து ஆண்கள். பெண்ணின் உத்தரவை ஏற்க அவர்கள் மனம் பக்குவப்படவில்லை! கிராமத்து ஏழையின் தலையில் பழியைப் போட்டு, பட்டணத்து அதிகாரி தன் ஆசனத்தைக் காத்துக்கொள்கிறான். கோர்ட்டு அந்த வாதத்தைத் தூக்கியெறிந்தது. பக்கத்துக் கேரளத்தில் சினிமாத் துறையில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா கமிட்டி 2019-ல் கொடுத்த அறிக்கை வெளியே வர 2024 ஆயிற்று. கதவு திறந்திருக்கிறதாம், உள்ளே நடப்பதைச் சொல்லும் அறிக்கை மட்டும் ஐந்து வருஷம் பூட்டுக்குள்!

பெயர் அவளுக்கு, அதிகாரம் அவனுக்கு

நாஞ்சில் நாட்டார் நன்கறிந்த ஒரு பாடம் உண்டு. இங்கே வேளாளரிடையே மருமக்கள்வழி இருந்தது. சொத்து பெண்வழியே இறங்கியது. வெளியிலிருந்து பார்த்தவன் ஆகா, பெண்ணாட்சி என்று வியந்திருப்பான். உள்ளே என்ன நடந்தது? சொத்தை ஆண்டவன் காரணவன் என்ற ஆண். மனைவியும் மக்களும் அவன் கண்ணை மூடியதும் தெருவில் நின்றார்கள். கவிமணி மருமக்கள்வழி மான்மியத்தில் சிரிக்கச் சிரிக்க எழுதியது இந்தக் கண்ணீரைத்தான். 1926-ல் சட்டம் வந்து அந்த முறை மாறியது.

பெயர் பெண்ணுக்கு, அதிகாரம் ஆணுக்கு என்ற அந்த வித்தை செத்துவிட்டதா? தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம். நல்ல சட்டம், போராடிப் பெற்ற சட்டம். இருந்தும் எத்தனை பஞ்சாயத்து ஆபீசுகளில் தலைவியின் நாற்காலியில் தலைவியின் கணவன் உட்கார்ந்து கையெழுத்துக்குத் தாளை வீட்டுக்கு அனுப்புகிறான்! புதுக் காரணவன்!

ஒதுக்கீடு இல்லாத இடத்தில் பெயர்கூடக் கிடையாது. 2024-ல் லோக்சபாவின் 543 இடங்களுக்கு வந்த பெண்கள் 74 பேர். 2021-ல் தமிழ்நாட்டு சட்டசபையின் 234 இடங்களுக்கு வந்தவர்கள் 12 பேர். நமது மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் ஒருவர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானவர் மேலக்காட்டுவிளைக்காரர், மாவட்டத்துக்கே பெருமை. ராக்கெட்டுக்கும் விண்கலத்துக்கும் பாடுபடும் பெண் விஞ்ஞானிகள் ஏராளம்; 2023-ல் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யாவின் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி. என்றாலும் 1969-ல் பிறந்த அந்த ஸ்தாபனத்தின் தலைமை நாற்காலியில் அவர்வரை அமர்ந்த அத்தனை பேரும் ஆண்களே. திறமைக்கா பஞ்சம்?

நமது வீட்டையும் பெருக்குவோம்

இனி நமது தோழர்களோடு பேசுவோம். “வர்க்கப் போராட்டம் வென்றால் பெண் விடுதலை தானே வரும். தனியாகப் பெண்ணியம் பேசுவது உழைப்பாளரைப் பிரிக்கும்” என்கிறார்கள் சிலர்.

தோழர்களே, 1917 மார்ச் 8-ஐ நினையுங்கள். பெட்ரோகிராடில் அன்று வேலைநிறுத்தம் வேண்டாம் என்றுதான் அந்த வட்டாரக் கட்சிக் கமிட்டித் தோழர்கள் யோசனை சொன்னார்கள். ஆலைப் பெண்கள் கேட்கவில்லை. ரொட்டி கேட்டு வீதியில் இறங்கினார்கள். ஆண் தொழிலாளரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் ஜார் முடி துறந்தான். பெண்கள் எழுந்ததால் உழைப்பாளர் பிரிந்தார்களா, சேர்ந்தார்களா?

உழைப்பாளரைப் பிரிப்பது பெண்ணின் கோரிக்கை அல்ல. ஆணுக்கு நாட்கூலி, பெண்ணுக்கு எடைக்கூலி என்று வைத்த முதலாளிதான் பிரித்தவன். அதைக் கண்டும் காணாமலிருந்த ஒவ்வொரு சங்கமும் அவனுக்குக் கைகொடுத்தது.

நம்மையும் தராசில் வைப்போம். 1964-ல் பிறந்த மார்க்சிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழுவில் முதல் பெண்ணாக பிருந்தா காரத் இடம்பெற்றது 2005-ல். நாற்பத்தொரு ஆண்டுகள்! சுப்ரீம் கோர்ட்டைக் கேலி செய்த வாய் இங்கே மூடிக்கொள்ளலாமா? உறுப்பினரில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் சங்கத்தில் பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் யார்? மாநாட்டில் அறிக்கை வாசிப்பவர் யார், சாப்பாட்டுப் பந்தலில் நிற்பவர் யார்? மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். அந்த ஏழு மணிக்கு அவள் அடுப்படியில் யாருக்காக நிற்கிறாள்? நமக்காக அல்லவா!

எது நமது பெண்ணியம்?

குளிர்பதன அறையில் பத்துப் பெண்களுக்குப் பெரிய நாற்காலி கிடைத்ததோடு நின்றுவிடும் பெண்ணியம் நமக்குப் போதாது. அந்த அறையைப் பெருக்குகிற பெண்ணுக்குக் குறைந்தபட்சக் கூலி இல்லையென்றால் அந்த நாற்காலியால் என்ன பயன்? அதற்காக அந்த நாற்காலியே வேண்டாம் என்று சொல்லவும் மாட்டோம். ஓட்டுநர் ஆசனமும் வேண்டும்; மீன் விற்ற தாய்க்குப் பயணி ஆசனமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க விடமாட்டோம்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

போக்குவரத்துக் கழகங்களில் ஓட்டுநர், நடத்துநர் வேலைகளில் பெண்களுக்குரிய இடங்களை நிரப்பு! கனரக வாகனப் பயிற்சியை இலவசமாகக் கொடு! பணிமனைதோறும் பெண்களுக்கு ஓய்வறையும் கழிப்பிடமும் கட்டு!

நடவு, அறுவடை இயந்திரங்களை இயக்க விவசாயத் தொழிலாளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடு! அண்டி ஆபீசிலும் தோட்டத்திலும் சம வேலைக்குச் சம கூலியை ஏட்டில் அல்ல, கையில் கொடு! பிள்ளைக் காப்பகம் வை!

வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2013-ல் வந்தது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் புகார்க் கமிட்டி வேண்டும். அதற்குக் குறைந்தால் மாவட்டக் கமிட்டியிடம் போகலாம். அந்தக் கமிட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பஸ் நிலையத்திலும் சந்தையிலும் எழுதி ஒட்டு!

சர்க்காரிடம் கேட்பதோடு விடப் போவதில்லை. நமது சங்கங்களிடமும் கேட்கிறோம்: பெண்கள் பெரும்பான்மையாக உள்ள சங்கத்தில் தலைமையும் பெரும்பான்மை பெண்களிடம் இருக்கட்டும். கூட்டத்தை அவர்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். அன்று அடுப்படியில் தோழர்கள் நிற்கட்டும்.

கனவான்களே, பெண்ணியம் இனியும் தேவையா என்று கேட்டீர்கள். ‘முதல் பெண் ஓட்டுநர்’, ‘முதல் பெண் நீதிபதி’ என்ற செய்தி பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருகிற வரைக்கும், உரிமைக்குப் பின்னே ‘ஆனால்’ என்ற வால் ஆடுகிற வரைக்கும் தேவை.

1859-ல் அந்த வாலோடு கிடைத்த உரிமையை வாங்கிக்கொண்டு இந்த மண்ணின் பெண்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. மகாராஜாவின் ‘ஆனா’லைக் காலடியில் போட்டு மிதித்து, விரும்பிய விதத்தில் உடுத்தி நடந்தார்கள். அவர்களுடைய பேத்திகள் இன்றைய வால்களையும் வெட்டுவார்கள். அரிவாள் பிடித்துப் பழகிய கைகள் அவை.

அந்தக் கைகளோடு நமது கைகளும் சேரட்டும்!